இரண்டாம் தீபாவளிக்கு ஒரு வாழ்த்துமடல்

கொங்கு நாட்டு மகாஜனங்களின் திருச்சமூகத்துக்கு, வெள்ளகோவிலில் இருந்து அடியேன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்ளும் வாழ்த்துமடல். பொன்னாடைக்கும் ஆளுயர மாலைக்கும் பஞ்சமில்லாத சீமை இது. பரிசு வாங்கிய காங்கயம் காளைக்குப் பாராட்டு விழா உண்டு. ஓய்வு பெறும் கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கு உண்டு. மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு, போய்த் தொலைகிறாரே என்ற மகிழ்ச்சியிலாவது, உண்டு. தங்கள் குணங்களிலேயே தலையாய ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை ஒருவரும் மேடை போடவில்லை. பச்சைப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுமை நேர்ந்ததும் தாங்கள் கொண்டருளும் சீற்றத்தைத்தான் சொல்கிறேன். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த ஓலை.

எங்கள் ஊர் பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலின் கடைமடை. ஆனைமலையில் பெய்த மழை காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வந்து, நான்கு மண்டலமாகப் பங்கு பிரித்து, முறை வைத்து, வழியில் உள்ள மோட்டார்களுக்கெல்லாம் தாகம் தணிந்தபின் வெள்ளகோவில் கிளை வாய்க்காலை எட்டிப் பார்க்கும்போது காலை நனைக்கத்தான் காணும். அதற்கும் உண்ணாவிரதம், மறியல், வழக்கு என்று எங்கள் விவசாயிகள் படும் பாட்டைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் சீற்றத்துக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. முறை இல்லை, மண்டலம் இல்லை, ஷட்டர் இல்லை. காலையில் கோயம்புத்தூரில் பொங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பல்லடம், காங்கயம் தாண்டி எங்கள் முருங்கைக்காய் மண்டி வரைக்கும் கரை புரண்டு வந்துவிடும். வடிவதும் அதே வேகத்தில்தான். வந்த சுவடே தெரியாது. ஒரு வயலும் நனைந்திருக்காது.

அதே வாய்க்காலில்தான் 2010 அக்டோபர் 29 ஆம் தேதி இரண்டு பிள்ளைகளைத் தள்ளினார்கள். அக்காளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. கோயம்புத்தூரில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள். வண்டியோடு வந்து நின்றவன் முன்பே பழகிய ஓட்டுநர். ஆகவே தயங்காமல் ஏறினார்கள். பெண் குழந்தைக்கு அதற்குமுன் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அதைத் தாங்கள் அப்போதே பத்திரிகைகளில் வரி விடாமல் வாசித்து, டீக்கடை பெஞ்சில் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லி, விளங்காதவர்களுக்குக் கையாலும் காட்டி முடித்துவிட்டீர்கள். இனி நான் சொல்லத் தாங்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

பிள்ளைகளின் பெயரையும் எழுதவில்லை. இது என் கஞ்சத்தனம். பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ என்று ஒரு பிரிவு அப்போதே இருந்தது. இறந்துபோனவருக்கும் அது பொருந்தும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அழுத்தியும் சொன்னது. இப்படிப்பட்ட சில்லறைச் சட்டங்கள் என்னைப் போன்ற கோழைகளுக்கு. தாங்கள் கொடை வள்ளல்கள். பெயரையும் படத்தையும் வகுப்பையும் தெருவையும் வாரி வாரி வழங்கினீர்கள். சாவு வீட்டில் எஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் ஊர்ச் சொத்தாக்கிக் கொடுத்தது தங்கள் பெருந்தன்மை.

இந்த இடத்தில் பிளக்ஸ் பேனர் என்னும் அருங்கலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். இப்படியொரு துக்கம் நேர்ந்ததும் வைக்கிறார்களே கண்ணீர் அஞ்சலிப் பேனர், அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் நுட்பம் தெரியும். மேலே இடது பக்கம் மறைந்த தலைவர், வலது பக்கம் இருக்கும் தலைவர், நடுவில் அவர் மகன். அதற்கு அடுத்த வரிசையில் மாவட்டச் செயலாளர், வெள்ளை வேட்டியில், கைகூப்பி, முகத்தில் புன்னகையோடு. போன மாதப் பிறந்தநாள் பேனருக்கு எடுத்த அதே படம். அடியில், முட்டை வடிவச் சட்டத்துக்குள், இரண்டு மெழுகுவர்த்திக்கு நடுவே பிள்ளை. அதற்கும் கீழே நகரச் செயலாளரில் தொடங்கி வார்டுப் பிரதிநிதி வரைக்கும் பெயர்கள். பிள்ளையின் படம் ஏன் அவ்வளவு சிறிது என்று சில குதர்க்கவாதிகள் கேட்கிறார்கள். பள்ளிக்கூட அடையாள அட்டையில் ஒட்டிய படம் அது. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகச் சிதறிவிடும். தலைவரின் படமோ இருபது அடிக்கும் தாங்கும். ஆகவே அளவு வித்தியாசத்துக்குத் தொழில்நுட்பமே காரணம்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 5, வெள்ளிக்கிழமை. அதற்கு நாலாம் நாள் விடியற்காலையில் தங்கள் சீற்றம் பழுத்துக் கனிந்தது. கைதாகியிருந்த இருவரில் முதலாமவனை, அந்த ஓட்டுநரை, விசாரணைக்காக வெளியே அழைத்துப் போனார்கள். போன இடத்தில் அவன் உதவி ஆய்வாளரின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டான், இரண்டு உதவி ஆய்வாளர்கள் காயமடைந்தார்கள், தற்காப்புக்குத் திருப்பிச் சுட்டதில் அவன் செத்தான் என்று காவல்துறை அறிவித்தது. பகல் முழுதும் சாதுவாக இருக்கும் கைதிகளின் கைகளுக்கு, ஊர் உறங்கும் நேரத்தில் மட்டும் வந்து சேரும் அந்த மாபெரும் வலிமையை நம் மருத்துவக் கல்லூரிகள் இன்னும் ஆராயவில்லை. தாங்களும் ஆராயவில்லை. ஆராய்வது நம்பிக்கைக் குறைவின் அடையாளம். தங்களுக்கு நம்பிக்கை நிறைவாக இருந்தது. பட்டாசு வெடித்தீர்கள். இனிப்பு வழங்கினீர்கள்.

பண்டிகை முடிந்து நாலே நாள் என்பதால் வீடுகளில் சரக்கும் மிச்சம் இருந்திருக்கும். சிவகாசிக்குப் புதிதாக ஆர்டர் போட வேண்டியிருந்திருக்காது. செட்டும் சிக்கனமும் கொங்கு மண்ணின் பிறவிக் குணம் என்பது இதிலும் விளங்குகிறது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் துக்கம் பதினைந்து நாளைக்கூடத் தாண்டவில்லை, ஊர் நாக்கில் சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது. துயரத்தை இவ்வளவு சீக்கிரம் பாகு காய்ச்சி இறக்கத் தெரிந்த கைப்பக்குவம் வேறு எந்தச் சீமைக்கு உண்டு?

சிக்கனம் என்று சொன்னேன். அதன் முழு அழகும் தெரிய வேண்டுமானால் இரண்டாம் குற்றவாளியின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு நீதிமன்றம் என்னும் ஊதாரித்தனமான பாதை வாய்த்தது. சாட்சிகளை அழைத்தார்கள், குறுக்கு விசாரணை செய்தார்கள், ரசாயனப் பரிசோதனை அறிக்கைகளை வாசித்தார்கள். 2012 இல் கோவை மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2019 ஆகஸ்ட் 1 இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் தூக்கு என்றார்கள். சஞ்சீவ் கன்னா மட்டும் குற்றம் சரி, தூக்கு வேண்டாம், தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் சிறை போதும் என்று தனித்து எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, எந்தச் சான்று எதைக் காட்டுகிறது என்பதெல்லாம் ஓர் அரசாங்க ஏட்டில் நிரந்தரமாகப் பதிவாகியிருக்கிறது என்றால் அது இந்தச் சலிப்பூட்டும் ஒன்பது ஆண்டுகளின் வேலை. அந்தத் தீர்ப்புகளுக்குப் பட்டாசுச் சத்தம் எதுவும் எங்கள் ஊர் வரைக்கும் கேட்கவில்லை. அவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பது?

முதலாமவனிடம் கேட்கப்படாமல் போன கேள்விகளை எண்ணிப் பார்க்கும்போது மெய் சிலிர்க்கிறது. பிள்ளைகளோடு பழகும் வேலை இப்படிப்பட்டவனுக்கு எப்படிக் கிடைத்தது, வேலைக்கு வைக்கும்போது யார் விசாரித்தார்கள், இதற்குமுன் வேறு பிள்ளைகள் உண்டா? பதில் எதுவாக இருந்தாலும் யாருக்காவது சங்கடம். ஒரு விடியற்காலை அத்தனை சங்கடத்தையும் தீர்த்துவைத்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனியே விதிகள் வகுக்கும் அவசரமும் ஏற்படவில்லை. அதற்கு 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டைத் தரை வழியாக இன்னொரு பெண் பிள்ளை விழுந்து சாக வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் அந்த ஆண்டிலேயே சிறப்பு விதிகள் வந்தன. பட்டாசு வெடித்த கையோடு ஊர் உறங்கிப்போகாமல் மறுநாள் காலையில் எழுந்து வேன் டிரைவரின் லைசென்ஸைக் கேட்டிருந்தால் அந்தத் திருவிழாவின் மங்களம் அல்லவா கெட்டிருக்கும்!

சரித்திரம் நமக்கு ஓர் அநீதி இழைத்திருக்கிறது, அதையும் இங்கே பதிவு செய்கிறேன். 2019 டிசம்பர் 6 இல் ஐதராபாத் அருகே, இளம் கால்நடை மருத்துவர் ஒருவரைச் சீரழித்துக் கொன்றதாகக் கைதான நால்வரை விடியற்காலையில் சுட்டுக் கொன்றார்கள். அங்கேயும் துப்பாக்கி பறிப்புதான். ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ இதழ்களைத் தூவினார்கள். நாடு முழுவதும் ஆகா என்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கோயம்புத்தூர் இதை நடத்திக் காட்டியதை ஒரு தொலைக்காட்சியாவது சொல்லிற்றா? தெலுங்கு தேசத்தார் செய்த பிழை, உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தை உள்ளே விட்டது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, செத்தவர்களில் மூவர் பதினெட்டு வயதே நிரம்பாதவர்கள் என்று அது எழுதிவைத்துவிட்டது. பிள்ளைகளைக் காக்கும் பெருவேகத்தில் இப்படிச் சில பிள்ளைகளும் அடிபடத்தான் செய்யும் என்ற பெரிய மனது அந்த ஆணையத்துக்கு இல்லை. அதற்கு முன்னரே, 2014 இல், என்கவுன்ட்டர் நடந்ததும் அவசர அவசரமாகப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் விதித்திருந்தது. பூவைத் தடுக்க மட்டும் அதனால் முடியவில்லை.

கறுப்பு அங்கிப் பெருமக்களின் பங்கையும் மறப்பதற்கில்லை. கொடுங்குற்றம் நடந்தால் வழக்கறிஞர் சங்கம் கூடி, குற்றம் சாட்டப்பட்டவருக்காக எங்களில் ஒருவரும் ஆஜராக மாட்டோம் என்று தீர்மானம் போடும் வழக்கம் நம் நாட்டில் பல ஊர்களில் உண்டு. கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். இதில் கோயம்புத்தூருக்குத் தனிப் பெருமையே இருக்கிறது: போலீஸ்காரர்களோடு ஏற்பட்ட மோதலில், அந்தப் போலீஸ்காரர்களுக்காக யாரும் வாதாடக்கூடாது என்று இங்கே போட்ட ஒரு தீர்மானம் டெல்லி வரைக்கும் போய், இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாது, அரசியல் சட்டத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம் என்று 2010 டிசம்பர் 6 ஆம் தேதி தீர்ப்பு வர வழி செய்தது. நம் பட்டாசுப் புகை அடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். தாங்கள் மனம் தளரவில்லை. ஒவ்வொரு கொடுமைக்குப் பிறகும் யாராவது ஒரு வக்கீல் வாதாட வந்துவிட்டால் அவருடைய வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரிக்கும் மரபை இன்றுவரை காத்துவருகிறீர்கள்.

அந்த மரபின் பலன் கண்கூடு. 2017 பிப்ரவரியில் சென்னையில் போரூர்ப் பக்கம் ஒரு சின்னஞ்சிறு பெண் பிள்ளையைக் கொன்று எரித்தார்கள். தமிழகமே கொதித்தது. உடனே தண்டனை, உடனே தூக்கு என்று தாங்கள் கேட்டீர்கள், கேட்டது கிடைத்தது. குற்றச்சாட்டு வரைந்தபோது கைதானவனுக்கு வழக்கறிஞர் இல்லை. டிசம்பரில் இலவசச் சட்ட உதவியில் ஒருவரைக் கொடுத்த சில நாளிலேயே சாட்சி விசாரணை தொடங்கியது. 2018 பிப்ரவரி 19 இல் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு என்றது; ஜூலையில் உயர் நீதிமன்றம் ஆமோதித்தது. என்ன வேகம்! என்ன ஒழுங்கு! 2025 அக்டோபர் 8 இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏட்டை எடுத்து நிதானமாகப் பிரித்துப் படித்தது. வாதாட உரிய அவகாசம் கொடுக்கவில்லை, சான்றுகளின் சங்கிலி நிற்கவில்லை என்று சொல்லி அந்த ஆளை விடுதலை செய்துவிட்டது. ஆக, அந்தப் பிள்ளையைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றைய தேதியில் சட்டத்தின் கையில் பதில் இல்லை. எட்டரை ஆண்டு கழித்துப் பெற்றோரை முதல் நாளுக்கே திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தும் வல்லமை சாதாரணச் சோம்பேறித்தனத்துக்குக் கிடையாது. அதற்குத் தங்களுடைய அவசரம் வேண்டும்.

துடியலூர்ப் பக்கம் பன்னிமடையில் 2019 மார்ச் கடைசியில் முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு நேர்ந்ததும் தங்களுக்கு நினைவிருக்கும். நினைவு இல்லாவிட்டாலும் குற்றமில்லை. அது நாடாளுமன்றத் தேர்தல் நேரம், ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, தங்களுக்கு ஆயிரம் வேலை. பக்கத்து வீட்டுச் சொந்தத்துக்கு வந்து போகிற ஆள் பிடிபட்டான். அந்த டிசம்பர் 27 இல் தூக்குத் தண்டனையும் வந்தது. ஒரு ஆள், ஒரு தண்டனை, கணக்குத் தீர்ந்தது என்று ஊர் கையைத் துடைத்துக்கொண்டது. பரிசோதனையில் இன்னொருவரின் மரபணுவும் தெரிகிறதே, அது யாருடையது என்று கேட்டு நீதிமன்றப் படி ஏறியது பிள்ளையைப் பெற்றவள்தான். பெற்ற வயிற்றுக்குப் பொறுமை குறைவு. தங்களுக்கோ ஒரு குற்றத்துக்கு ஒரு ஆள் போதும்.

இனி அரசியல் பெருமக்கள். இவர்களுடைய கருணையை வருணிக்க ஆயிரம் நாவு படைத்த ஆதிசேஷனாலும் ஆகாது, அடியேன் எம்மாத்திரம். எதிர்க்கட்சியில் இருக்கும்போது இவர்கள் இதயம் கசிகிற கசிவைப் பார்த்தால் கல்லும் கரையும். ஆளுங்கட்சி ஆனதும் அதே இதயம் சட்டம் ஒழுங்கு சிறப்பாக இருக்கிறது என்று அறிக்கை படிக்கும் உறுதியைப் பார்த்தால் கரைந்த கல் மறுபடி இறுகும். 2019 மார்ச்சில் பொள்ளாச்சிப் பாலியல் கொடுமை வெளியே வந்தபோது அண்ணா தி.மு.க. ஆட்சி. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர்களிடம் புகார் கொடுத்த மாணவியின் பெயரைச் சொன்னார். போதாது என்று, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயரையும் கல்லூரியையும் அச்சடித்தார்கள். அரசு முத்திரையோடு ஒரு பெண்ணை ஊர் முன் நிறுத்தும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிட்டும்? உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு இந்த ரசனை இல்லை. இருபத்தைந்து லட்சம் இழப்பீடு கொடு என்றது. தி.மு.க. பொங்கி எழுந்தது, கனிமொழி பொள்ளாச்சிக்கே வந்து ஆர்ப்பாட்டம் நடத்தினார். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தபோது தி.மு.க. ஆட்சி. இந்த முறை முதல் தகவல் அறிக்கையே ஊரெல்லாம் உலா வந்தது. பெயர், முகவரி சகிதம். கட்சிகள் மாறலாம், கொடை மாறுவதில்லை. அண்ணா தி.மு.க. உறுப்பினர்கள் ‘யார் அந்த சார்?’ என்று சட்டையில் பட்டை குத்திக்கொண்டு சட்டசபைக்குப் போனார்கள்.

பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலையோ டிசம்பர் 27 காலையில், கோயம்புத்தூரில் தன் வீட்டு வாசலில், கேமராக்கள் சூழ, சட்டையில்லா மேனியில் சாட்டையால் தன்னைத்தானே அடித்துக்கொண்டார். அம்மன் திருவிழாவில் சாட்டையடி வாங்கிய பெரியவர்கள் எங்கள் பக்கம் உண்டு, ஆனால் மைக் வைத்துக்கொண்டு வாங்கியதில்லை. அந்த மாணவியின் மேல் பட்ட வெளிச்சத்தை ஒரே காலையில் தன் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்ட அந்தத் தியாகத்தை எந்த அளவுகோலால் அளப்பது? ஆட்சி மாறும்வரை செருப்புப் போடமாட்டேன் என்று சபதமும் செய்தார்; சில மாதத்தில், தம் கட்சித் தலைமையே கேட்டுக்கொண்டதால், போட்டுக்கொண்டார்.

கடைசியாக எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் வருகிறேன். இவர்களைப் பாடாமல் மடலை முடித்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. குழந்தைகளுக்குக் கொடுமை செய்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் கணக்குக் காட்டுகிறது. பங்காளி, பக்கத்து வீட்டார், வாத்தியார், தோட்டத்துக்கு வந்து போகிறவர். இந்தக் கணக்கைப் பெரியவர்கள் பொருட்படுத்துவதில்லை. சந்தேகம் என்று வந்தால் அவர்கள் கண் நேராகத் தறிக்குடோனில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்கள் மேல்தான் போகும். 2010 இல் பிடிபட்ட இருவரும் பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன்கள் என்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாது. தூரப்பார்வை உள்ளவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பே.

ஒரு காட்சி சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கொங்கில் எந்த ஊரை வைத்தாலும் பொருந்தும். சாயங்காலம், திண்ணை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பெண்ணைப் பெற்றவன் நிற்கிறான். நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. எதிரே பெரியவர், முறைக்கு மாமன். உள்ளே, அடுப்பங்கரை வாசப்படியில், ஏழாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது.

“ஸ்டேஷனுக்குப் போலாம்னு இருக்கறனுங் மாமா.”

“போயி? நாளைக்கு அம்மிணிக்கு ஒரு எடம் பாக்கோணுமில்ல மாப்ள. ஊரு வாயில உழுந்தா அப்பறம் எவன் வந்து கட்டுவான்? அவனக் கூப்புட்டு நாலு அறை உட்டாச்சு. நம்ம சனத்துப் பையன், கேசு கீசுன்னா அவனும் வெளிநாடு போறது நின்னு போயிரும். ரெண்டு குடும்பமும் கெட்டுப் போறதா?”

“புள்ள ராத்திரியில கத்துதுங் மாமா.”

“மந்திரிச்சு ஒரு கயிறு கட்டு. எல்லாஞ் செரியாப் போயிரும்.”

எவ்வளவு கனிவு! எத்தனை முன்யோசனை! ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடும் கவலையை இப்போதே தலையில் ஏற்றிக்கொள்ள யார் வருவார்? 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின்படி, குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். அந்த ஆபத்தைத் துச்சமாக மதித்துத் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார் என்றால் பெரியவரின் துணிச்சலை என்னென்பது! குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேபிள்காரர், கேஸ்காரர், கறிக்கடைக்காரர் எண்ணெல்லாம் அந்த வீட்டுச் சுவரிலேயே கரியால் எழுதியிருக்கிறது.

பிள்ளையைக் கரூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரே காலையில் டி.சி. வாங்கிக் கொடுத்தது பெரியவர்தான். வாரிசுச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் அலையவிடும் நாட்டில் ஒரு காகிதத்தை அரைநாளில் கையில் வாங்குவது சாமானியரால் ஆகிற காரியமா?

இப்போது வேறு ஏதோ மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது. டி.வி.யில் காட்டுகிறார்கள். தங்கள் சீற்றம் வழக்கம்போல் கரை புரண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஊர்வலம்; பேனர் அடித்தாகிவிட்டது; ‘வன்மையாகக் கண்டிக்கிறோம், நடுரோட்டில் தூக்கிலிடு’ என்ற வாசகத்துக்குக் கீழே முதல் பெயர் பெரியவருடையது. முன்வரிசை நாற்காலிகளை அவரே வந்து பார்த்துப் போடச் சொல்கிறார். நாலு அறை வாங்கிய அந்தப் பையனின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதில் இரண்டு ஒதுக்கியிருக்கிறார். சமாதானம் ஆனபின் முகம் கொடுக்காமல் இருப்பது நம் பக்கத்து வழக்கமில்லை. மைக்செட்டுக்கும் மெழுகுவர்த்திக்கும் ஆன செலவில் பாதி அவர்கள் கொடுத்தது.